இரண்டு குழாயிலும் ‘க’

என் பெரியம்மாவுக்கு வேலை பார்க்கும் இடத்தில் ‘இருபது’ என்று பட்டப்பெயர். வயது ஐம்பத்திரண்டு ஆகிறது. இருபது என்பது நிமிடக் கணக்கு. நோயாளியின் உடம்பிலிருந்து வெட்டி எடுத்த துண்டு இருபது நிமிடத்துக்குள் உறைய வேண்டும் என்று பதினான்கு வருஷமாக அந்த ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொண்டிருக்கிறார். ‘சொல்லிக்கொண்டிருக்கிறார்’ என்று நான் மரியாதைக்கு எழுதுகிறேன். உண்மையில் கத்திக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பெயர் வீடு வரைக்கும் வந்துவிட்டது. பெரியப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். தாமதமாக வரும் நாட்களில் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, “உள்ள வரலாமா, இல்ல கெட்டுப்போயிட்டேனா?” என்று கேட்பார்.

“நீங்க கெட்டுப்போய் இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. வாங்க, சாப்பாடு ஆறுது” என்பார் பெரியம்மா.

அவர் வேலை பார்க்கும் அறை ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்துக்கு அடியில், பாதி தரைக்குள் இருக்கிறது. ஒரே ஒரு ஜன்னல், கூரையை ஒட்டி. அதில் தெரிவது வெளியே நடப்பவர்களின் கால்கள் மட்டும்தான். மூன்று உறைபெட்டிகள், அவற்றைக் குளிர்விக்கும் திரவ நைட்ரஜன் நிரப்பிய ஒரு உருளை, துண்டுகளைப் பொடியாக்க ஓர் எஃகு உரல், சக்கரம் பொருத்திய ஒரு நாற்காலி. நாற்காலியில் மூன்று சக்கரம்தான் இருக்கிறது. நான்காவதற்கு எழுதிக் கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது. “மூணு கால்லயும் நிக்குதே” என்று பதில் வந்ததாம்.

அங்கே என்ன செய்கிறார்கள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் ரொம்ப நாள் தெரியாது. பெரியம்மா எனக்குச் சொன்னதை, எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

நம் உடம்பில் உள்ள செல்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே மரபணுக்கள்தான் இருக்கின்றன. கண்ணில் இருப்பதுதான் கல்லீரலிலும் இருக்கிறது. ஆனால் எல்லா மரபணுவும் எல்லா இடத்திலும் பேசுவதில்லை. கணையத்தில் உள்ள செல்லில் உணவைக் கரைக்கும் சாற்றுக்கான மரபணு ஓயாமல் பேசும். கண்ணில் உள்ள செல்லில் அதே மரபணு வாய் திறக்காது. எது பேசுகிறது, எவ்வளவு சத்தமாகப் பேசுகிறது என்பதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறார்கள். பேசும் மரபணு தன்னைப் போல ஆர்.என்.ஏ. நகல்களை எடுத்து அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த நகல்களை எண்ணினால் பேச்சின் அளவு தெரிந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், கணையம் எதையும் கரைப்பதற்கென்றே இருக்கிற உறுப்பு. வெட்டி எடுத்ததும் அது தன் நகல்களைத் தானே கரைக்கத் தொடங்கிவிடும். பெரியம்மாவின் இருபது நிமிடம் அங்கிருந்துதான் வந்தது.

அவர்கள் ஆய்வின் கேள்வி ஒன்றே ஒன்று. கணையத்தில் தோன்றிய புற்றுநோய்ச் செல் கல்லீரலுக்குப் போய்க் குடியேறுகிறது. அப்படிப் போன பிறகு அதன் பேச்சு மாறுகிறதா? போன இடத்தின் பேச்சைக் கற்றுக்கொண்டுதான் அங்கே பிழைக்கிறதா? இதைப் பார்க்க ஒரே நோயாளியின் கணையத்திலிருந்து ஒரு துண்டும் கல்லீரலிலிருந்து ஒரு துண்டும் வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒரு ஜோடி.

ஜோடி சுலபத்தில் கிடைக்காது. நோய் பரவிவிட்டது என்று ஸ்கேனில் தெரிந்தால் அறுவை சிகிச்சையே செய்ய மாட்டார்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல், கட்டியை எடுத்துவிடலாம் என்று நம்பி வயிற்றைத் திறந்த பிறகு, கல்லீரலில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி கண்ணில் படும் நாட்கள் உண்டு. அன்றைக்கு சர்ஜன் இரண்டு இடத்திலும் சிறு துண்டு எடுத்துக்கொண்டு, கட்டியை எடுக்காமலே வயிற்றை மூடிவிடுவார். அந்த நாளில்தான் பெரியம்மாவுக்கு ஒரு ஜோடி கிடைக்கும்.

“ஜோடி வேணும்னு வேண்டிக்கிட்டா, ஒருத்தருக்குக் கெடுதல் வேணும்னு வேண்டிக்கிட்ட மாதிரி. வேண்டாம்னு வேண்டிக்கிட்டா என் வேலை நிக்கும். அதனால நான் எதையும் வேண்டிக்கிறதே இல்ல” என்று ஒருமுறை கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்.

மூன்று வருஷத்தில் ஒன்பது ஜோடி சேர்ந்திருந்தது. இவை தவிர நான்கு வீணாகிப்போயிருந்தன. ஒன்றை யாரோ உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு மறந்துவிட்டார்கள். இன்னொன்று ஈரத்துணியில் சுற்றி டீ பிளாஸ்க்குக்குப் பக்கத்தில் ஒன்றே கால் மணி நேரம் கிடந்தது. அன்று பெரியம்மா போட்ட சத்தத்தில் அறுவை அரங்கில் மயக்கத்தில் இருந்தவரே எழுந்துவிட்டதாகப் பேச்சு. பத்து ஜோடி இருந்தால்தான் முடிவை ஏற்போம் என்று ஆய்வுக்கு அனுமதி தந்த குழு முதலிலேயே எழுதிக் கொடுத்திருந்தது. கெடு முடிய ஒரு மாதம் இருந்தது.

அப்போது வந்தவர்தான் டைல் மேஸ்திரி. தரையில் டைல் ஒட்டும் வேலை பார்ப்பவர், கணையத்தில் கட்டி. துண்டு எடுக்கச் சம்மதம் கேட்கப் பெரியம்மா அவர் கட்டிலுக்குப் போனபோது, அவர் ஆஸ்பத்திரித் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

“இதை எவன் ஒட்டினான்? மூலைக்கு மூலை சரிவு. ஊத்தற தண்ணியெல்லாம் கட்டிலுக்கு அடியிலதான் போகும்.”

“அப்படித்தாங்க போகுது” என்றார் பெரியம்மா.

மேஸ்திரி சம்மதத் தாளை வாங்கி மெதுவாகப் படித்தார். “ஒரு இடத்துலயோ ரெண்டு இடத்துலயோன்னு போட்டிருக்கே. ரெண்டு இடத்துல எடுத்தா நல்ல சேதியா, கெட்ட சேதியா?”

“கெட்ட சேதிதாங்க. ஒண்ணோட நின்னா நல்ல சேதி.”

“நேராச் சொல்றீங்களே! சரி, ஒண்ணோட நிறுத்தப் பாருங்கம்மா. ஆனா ரெண்டு எடுக்கிற மாதிரி ஆயிடுச்சுன்னா, அதை ஒழுங்கா உபயோகப்படுத்துங்க. சும்மா எடுத்து வெச்சுக்காதீங்க.” சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார்.

ஒவ்வொரு அறுவையின்போதும் பெரியம்மாதான் அரங்கின் வாசலில் நைட்ரஜன் குடுவையோடு நிற்பார். கணையத்துக்கு மஞ்சள் மூடிக் குழாய், கல்லீரலுக்குச் சிவப்பு மூடிக் குழாய். ஆனால் அந்த மாதம் கொள்முதல் பிரிவு வெள்ளை மூடி மட்டும் அனுப்பியிருந்தது. கேட்டதற்கு, “மூடி மூடிதானே மேடம், சரியா மூடுதா இல்லையா?” என்றார்களாம். பெரியம்மா ஒரு தாளில் ‘உறுப்பின் பெயரைக் குழாயில் எழுதவும்’ என்று எழுதி அரங்கின் சுவரில் ஒட்டினார்.

மேஸ்திரியின் அறுவை அன்று, நைட்ரஜன் வண்டி வழக்கத்துக்கு மாறாகக் காலையிலேயே வந்துவிட்டது. லிப்ட் நடுவில் நின்றிருந்தது. பெரியம்மா வாங்கி வைக்காவிட்டால் வண்டி திரும்பிப் போய்விடும். அது போனால் உறைபெட்டியில் இருப்பதெல்லாம் போய்விடும். குடுவையை அரங்க உதவியாளரிடம் கொடுத்துவிட்டு இறங்கி ஓடினார். அந்த உதவியாளருக்கு நாற்பது வயதிருக்கும். எதையும் வேகமாகச் செய்வதால் ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். டீ பிளாஸ்க் விஷயத்தில் பெரியம்மாவிடம் திட்டு வாங்கியவரும் அவரேதான்.

பெரியம்மா திரும்பி வந்தபோது எக்ஸ்பிரஸ் குடுவையை நீட்டினார். “ரெண்டு இடம். பன்னெண்டு நிமிஷம்! எழுதிக்குங்க.”

பன்னிரண்டு நிமிடம் அதுவரை யாரும் தொடாத கணக்கு. ஆனால் பெரியம்மா முதலில் மேஸ்திரியைத்தான் நினைத்தாராம். பிறகு குடுவையைத் திறந்தார். உள்ளே இரண்டு வெள்ளை மூடி தெரிந்தது. வெளியே எடுத்துப் படித்தால் குளிர் குறைந்துவிடும் என்று எடுக்கவில்லை. பதிவேட்டில் ‘நேரம்: பன்னிரண்டு நிமிடம்’ என்று எழுதினார். அடுத்த கட்டத்தில் ‘பெயர்ச்சீட்டு சரிபார்க்கப்பட்டது’ என்று அச்சிட்டிருக்கும். அதில் ஒரு ‘டிக்’ போட்டுக் கையெழுத்திட்டார். பத்தாவது ஜோடி வந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்துப் பொடியாக்க எடுத்தபோதுதான் குழாய்களைப் படித்தார். ஒன்றில் மேஸ்திரியின் எண்ணும், பக்கத்தில் ‘க’ என்ற எழுத்தும் இருந்தன. இன்னொன்றில் அதே எண், அதே ‘க’.

கணையத்துக்கும் க. கல்லீரலுக்கும் க.

நேராக அரங்குக்குப் போய் எக்ஸ்பிரஸை வெளியே கூப்பிட்டார்.

“இது என்னய்யா?”

“க.”

“க-ன்னு எனக்கும் படிக்கத் தெரியும். எந்தக் க?”

எக்ஸ்பிரஸ் இரண்டு குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். “இது கணையம். இல்ல... ஒண்ணு கணையம், ஒண்ணு கல்லீரல்.”

“அதான் எனக்கே தெரியுமே! எது எது?”

“எழுதும்போது தெரிஞ்சுது மேடம். கையில இருந்தப்ப நல்லாத் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் பதினாறு கேஸ் ஆயிடுச்சு.”

“முழுப் பேரா எழுத என்ன கேடு? சுவர்ல ஒட்டி வெச்சிருக்கேன்ல?”

அப்போது எக்ஸ்பிரஸுக்கும் கோபம் வந்துவிட்டது. “நீங்கதானே நேரம், நேரம்னு உயிரை எடுப்பீங்க? வாசல்ல நின்னுக்கிட்டு நிமிஷத்துக்கு நிமிஷம் கத்தறது யாரு? முழுப் பேர் எழுதினா நேரம் ஆகுமேன்னுதான் ஓரெழுத்துல முடிச்சேன். பன்னெண்டு நிமிஷம்னதும் சந்தோஷமா வாங்கிக்கிட்டுப் போனீங்கள்ல?”

இதை எங்களிடம் சொல்லும்போது பெரியம்மா இந்த இடத்தில் நிறுத்திவிட்டார். பெரியப்பா, “அவன் சொன்னதுலயும்...” என்று ஆரம்பித்தார். “தெரியும். நீங்க சாப்பிடுங்க” என்றார் பெரியம்மா.

அடுத்த மூன்று வாரமும் அவர் அந்த இரண்டு குழாயோடுதான் மல்லுக்கட்டினார். முதலில் இரண்டிலிருந்தும் மெல்லிய சீவல் வெட்டி நுண்ணோக்கியில் வைத்தார். ஒன்றில் கல்லீரல் செல் நாலைந்து ஒட்டிக்கொண்டிருந்தால் போதும், விஷயம் முடிந்துவிடும். ஒன்றுகூட இல்லை. இரண்டிலும் புற்றுநோய்ச் செல்லும் தழும்புத் திசுவும்தான். கல்லீரலுக்குப் போன செல்லும் பார்வைக்குக் கணையத்துச் செல்லாகவே இருக்கிறது. ஒரு நாள் முழுக்க எண்பது சீவல் பார்த்துவிட்டுக் கண் சிவந்து வந்தார்.

பிறகு ஒரு வழி தோன்றியது. அதே அறுவையில் எடுத்த வேறு துண்டுகள், நோயை உறுதிசெய்வதற்காக, தனியாக நோயறியும் பிரிவுக்குப் போயிருந்தன. அவற்றின்மேல் உறுப்பின் பெயர் முழுதாக, ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. புற்றுநோயில் மரபணுவின் எழுத்திலேயே பிழைகள் விழுந்திருக்கும். பரவிய செல்லில் மட்டும் ஒரு புதுப் பிழை இருந்தால், அது எந்தக் குழாயில் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். பேச்சைத் தொடாமல் எழுத்தை மட்டும் பார்ப்பதால் ஆய்வின் கேள்விக்கும் கெடுதல் இல்லை. நோயறியும் பிரிவுக்கு நாலு முறை நடந்தார். முதல் முறை படிவம் தவறு என்றார்கள். இரண்டாம் முறை படிவம் சரி, கையெழுத்துப் போடுகிறவர் விடுப்பில் என்றார்கள். மூன்றாம் முறை அவர் வந்துவிட்டார், படிவத்தைக் காணோம்.

கெடுவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது முடிவு வந்தது. கணையத்தில் ஐந்து பிழை. கல்லீரலில் அதே ஐந்து பிழை. புதிதாக ஒன்றும் இல்லை.

“எழுத்து மாறவே இல்லடா. பேச்சுதான் மாறியிருக்கணும். அதைத்தானே மூணு வருஷமா நாங்களே சொல்லிக்கிட்டிருந்தோம்! எங்க பக்கம்தான் சரின்னு காட்டுது, ஆனா எனக்கு உதவாம காட்டுது.” சொல்லிவிட்டுக் கையில் இருந்த தண்ணீர்க் குவளையை டக்கென்று மேஜையில் வைத்தார். பாதித் தண்ணீர் வெளியே சிந்தியது.

ஆய்வுக்குத் தலைமை தாங்கும் டாக்டரை எல்லோரும் ‘பெரிய மேடம்’ என்பார்கள். பெரியம்மாவைவிட எட்டு வயது சின்னவர். அவர் வேறு ஏற்பாடு செய்துவைத்திருந்தார். இரண்டு குழாயின் நகல்களையும் எண்ணச் சொல்லி, அட்டவணையைப் பெரியம்மாவுக்கு முன்னால் விரித்தார்.

“இங்க பாருங்க. இந்தக் குழாய் இன்னொண்ணைவிடக் கொஞ்சம் கல்லீரல் மாதிரி பேசுது. அப்ப இதுதான் கல்லீரல். முடிஞ்சுது.”

“கொஞ்சம்தானே மேடம்?”

“கொஞ்சமோ நிறையவோ, ஒரு பக்கம் சாயுதுல்ல?”

“மேடம், நம்ம கேள்வியே கல்லீரலுக்குப் போன செல் கல்லீரல் மாதிரி பேசுதாங்கறதுதான். கல்லீரல் மாதிரி பேசறதைக் கல்லீரல்னு நாமே எழுதிட்டு, அப்புறம் ‘பாருங்க, கல்லீரல் மாதிரி பேசுது’ன்னா? விடையைப் பார்த்துக் கேள்வி எழுதற மாதிரி இல்ல?”

“மத்த ஜோடிகளும் அதைத்தானே காட்டுது?”

“ஒன்பதுல ஆறு காட்டுது. மூணு காட்டலை. இதுவும் காட்டாத சாதியா இருந்தா?”

பெரிய மேடம் கண்ணாடியைக் கழற்றினார். கெட்டவர் இல்லை அவர். பெரியம்மாவின் பேரை முதல் முதலாக ஓர் ஆய்வுக் கட்டுரையில் போட்டவர் அவர்தான். “நாலு பேரோட வேலை இதுல தொங்குது. உங்களதும் சேர்த்துத்தான். நீங்க புதுசா எதுவும் எழுத வேண்டாம். பதிவேட்டுல சரிபார்த்தாச்சுன்னு நீங்களே டிக் போட்டிருக்கீங்க. அது அப்படியே இருக்கட்டும்னு மட்டும்தான் கேக்கறேன்.”

பெரியம்மா கீழே தன் அறைக்குப் போனார். பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுதும் உட்கார்ந்திருந்தாராம். எழுத வேண்டியது ஒன்றுமில்லை. பேசாமல் மூடிவைத்தால் போதும். மூன்று வருஷம் வீணாகாது. தன் தவறும் வெளியே தெரியாது. மேஸ்திரி கொடுத்ததும் கணக்கில் சேர்ந்துவிடும்.

அந்த ‘டிக்’கின் மேல் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில், ‘சரிபார்க்கவில்லை. எது கணையம், எது கல்லீரல் என்று தெரியாது’ என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். மேலே கொண்டுபோய் மேஜையில் வைத்தார். பெரிய மேடம் படித்துவிட்டு, “சரி, போங்க” என்றார். அதற்குப் பிறகு மூன்று வாரம் அவர் பெரியம்மாவிடம் வேலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

ஒன்பது ஜோடியோடு அறிக்கை போனது. எண்ணிக்கை போதாது, முடிவை ஏற்க இயலாது என்று இரண்டே வரியில் பதில் வந்தது. இரண்டு பேர் வேறு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். பெரியம்மாவை ரத்தப் பரிசோதனைப் பிரிவுக்கு அரை நாள் அனுப்பினார்கள். மீதி அரை நாள் கீழறை. வீட்டில் எது கேட்டாலும் எரிந்து விழுந்தார். பெரியப்பா வானொலியைக்கூடச் சத்தம் குறைத்து வைத்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மருந்து ஏற்றும் கூடத்துக்கு வெளியே நீள பெஞ்சில் டைல் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். சட்டை இரண்டு அளவு பெரிதாகத் தொங்கியது. பெரியம்மா வேறு வழியாகப் போயிருக்கலாம். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

“அம்மா! துண்டு எடுத்தீங்களே, என்ன சொல்லுச்சு?”

பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து எதையும் மறைக்காமல் சொன்னார். வெள்ளை மூடி, ஓரெழுத்து, தான் படிக்காமல் போட்ட ‘டிக்’ எல்லாவற்றையும்.

மேஸ்திரி முதலில் நம்பவில்லை. “ரெண்டுக்கும் ஒரே எழுத்தா?”

“ஆமாங்க.”

“நான் ஒரு வீட்டுக்கு ஆயிரம் டைல் ஒட்டறேன். ஒவ்வொண்ணுக்குப் பின்னாடியும் எந்த ரூம், எந்த வரிசைன்னு பென்சில்ல எழுதித்தான் எடுப்பேன். என் வயித்துலேருந்து எடுத்தது ரெண்டே ரெண்டு. அதை எழுத முடியலையா உங்களுக்கு?”

“முடிஞ்சிருக்கணும். நான்தான் பார்த்திருக்கணும்.”

“சரி, விடுங்க. இன்னொரு தடவை எடுத்துக்குங்க.”

“முடியாதுங்க. ஆய்வுக்காக மட்டும் ஒருத்தர் வயித்தைத் திறக்கக் கூடாது.”

“என் வயிறு. நான் சொல்றேன், எடுத்துக்குங்க. எங்க வேணா எழுதித் தர்றேன்.”

“நீங்க எழுதிக் குடுத்தாலும் கூடாது.”

“ஊசியால குத்தி எடுங்களேன்!”

“உங்களுக்கு மருந்து ஏத்த ஆரம்பிச்சாச்சுங்க. மருந்து உள்ள போனதும் அதோட பேச்செல்லாம் மாறிடும். முன்னாடி எப்படிப் பேசுச்சுன்னு இனிமே கேக்க முடியாது.”

“அப்ப அந்த ரெண்டு துண்டு?”

“மிச்சம் உறைபெட்டியிலதான் இருக்கு.”

“எதுக்கு?”

“தெரியலைங்க” என்றார் பெரியம்மா.

உள்ளேயிருந்து நர்ஸ் அவர் எண்ணைக் கூப்பிட்டார். மேஸ்திரி பெஞ்சின் கைப்பிடியைப் பிடித்து எழுந்தார். பெரியம்மா தாங்கப் போனார். அவர் கையை விலக்கிக்கொண்டார்.

“திட்டணும்னுதான் இருக்கு. மூச்சு வாங்குது” என்று சொல்லிவிட்டு, கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.